ஆஃபர் லெட்டர் வந்த வீட்டுக்குச் சில வார்த்தைகள்

(காக்களூரில் நடைபெற்ற பட்டதாரிகள் வழிகாட்டுக் கூட்டத்தில், மென்பொருள் துறையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பணியாற்றிவரும் நம் பகுதிச் சகோதரர் ஒருவர் ஆற்றிய உரை)



இந்த மண்டபத்திற்கு வரும் வழியில் சிட்கோ தொழிற்பேட்டையைக் கடந்து வந்தேன். என்னுடைய தந்தை அங்கே ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். இங்கே அமர்ந்திருக்கும் தம்பிமார்களில் பலருடைய தந்தையரும் இதே தொழிற்பேட்டையிலும், கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் இரும்போடும் எண்ணெயோடும் மல்லுக்கட்டித்தான் உங்களைப் பட்டதாரிகளாக ஆக்கியிருக்கிறார்கள். 2006-ஆம் ஆண்டு நவம்பரில் நீதிபதி ராஜிந்தர் சச்சார் குழு தன் அறிக்கையை வழங்கியபோது, இந்தியாவில் இருபது வயதைத் தாண்டிய முஸ்லிம்களில் பட்டமோ பட்டயமோ பெற்றவர்கள் நான்கு விழுக்காட்டிற்கும் குறைவு என்று சொன்னது. அதற்கு அடுத்த ஆண்டில் தமிழகத்தில் நமக்கு 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடு கிடைத்தது. அது கல்லூரியின் வாசலைத் திறந்தது. அரசு வேலையின் வாசலையும் ஓரளவு திறந்தது. ஆனால் தனியார் மென்பொருள் நிறுவனத்தின் வாசல் வரை அது வராது. அங்கே நம் பிள்ளைகள் தங்கள் சொந்தக் காலில்தான் நின்றாக வேண்டும். அப்படி நிற்கப் போகிறவர்களுக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்பதை ஒளிவு மறைவின்றிச் சொல்வதற்காகவே இந்த மேடையில் நிற்கிறேன்.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், நம் பகுதிப் பிள்ளைதான். இறுதியாண்டு படிக்கும்போதே ஒரு கம்பெனியிலிருந்து ஆஃபர் லெட்டர் வந்தது. வீட்டில் பிரியாணி போட்டார்கள், நானும் சாப்பிட்டேன். அடுத்த மாதமே அக்காவின் நிக்காஹ் பேசி முடிக்கப்பட்டது. தம்பிக்குத்தான் வேலை கிடைத்துவிட்டதே, சம்பளம் வந்தால் மீட்டுவிடலாம் என்று தாயார் தம்முடைய நகைகளை அடகு வைத்தார். தேர்வு முடிந்தது, பட்டமும் வந்தது. ஆனால் வேலையில் சேரும் தேதி வரவில்லை. மின்னஞ்சல் அனுப்பினால் 'விரைவில் தெரிவிப்போம்' என்று ஒரே பதில். பதினான்கு மாதங்கள் அப்படியே கழிந்தன. அந்தப் பிள்ளை இங்கே ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போனான். உழைப்பு அவனை வருத்தவில்லை. ஒவ்வொரு வாரமும் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது, 'என்ன தம்பி, இன்னும் வேலைக்குப் போகலையா?' என்று நாம் கேட்டோமே, அதுதான் வருத்தியது. கடைசியில் பள்ளிக்கே வருவதைக் குறைத்துக்கொண்டான். சகோதரர்களே, இதில் அந்தக் கம்பெனி செய்தது எவ்வளவு, நாம் செய்தது எவ்வளவு என்பதை நெஞ்சில் கைவைத்துச் சிந்திக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

கடிதம் வேறு, வேலை வேறு

இது ஏதோ ஒரு பிள்ளையின் தலையெழுத்து என்று நினைத்துவிடாதீர்கள். 2022-ஆம் ஆண்டு பொறியியல் முடித்து இன்ஃபோசிஸ் நிறுவனத்திற்குத் தேர்வான ஏறத்தாழ 2,000 பேர், சேரும் தேதிக்காக இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்கள். தகவல் தொழில்நுட்ப ஊழியர் அமைப்பு ஒன்று 2024-இல் மத்திய தொழிலாளர் அமைச்சகத்திடம் புகார் கொடுத்த பிறகுதான், அந்த ஆண்டு அக்டோபரில் அவர்கள் சேரத் தொடங்கினார்கள். சேர்ந்த பின்பும் கதை முடியவில்லை. 2025 பிப்ரவரியில் அதே நிறுவனத்தின் மைசூர் பயிற்சி மையத்தில், உள்தேர்வில் மூன்று வாய்ப்புகளிலும் தேறவில்லை என்று கூறி 300-க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்களை வெளியே அனுப்பினார்கள். 2023 பிப்ரவரியில் விப்ரோ நிறுவனம், ஆண்டுக்கு 6.5 லட்சம் சம்பளம் என்று உறுதி கூறப்பட்டுக் காத்திருந்த புதியவர்களிடம், 3.5 லட்சத்திற்கு வருகிறீர்களா என்று கேட்டது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியர்களில் இரண்டு விழுக்காட்டினரை, அதாவது சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. அதில் பெரும்பாலோர் நடுநிலை, மேல்நிலைப் பதவியில் இருந்தவர்கள்.

உங்களை அச்சுறுத்துவதற்காக இவற்றை அடுக்கவில்லை. நாட்டிலேயே பெரிய நிறுவனங்களின் நிலை இது என்றால், சிறிய கம்பெனியின் கடிதம் எவ்வளவு உறுதியானது என்று நீங்களே கணித்துக்கொள்ளுங்கள். ஆஃபர் லெட்டர் என்பது 'உன்னை எடுக்க எண்ணியிருக்கிறோம்' என்ற செய்தி. நியமனக் கடிதம், சேரும் தேதி, முதல் மாதச் சம்பளம் ஆகிய மூன்றும் கைக்கு வந்த பிறகுதான் அது வேலை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், ஒவ்வொரு தொழிலாளிக்கும் எழுத்து மூலமான நியமனக் கடிதம் தர வேண்டும் என்று கூறுகின்றன. கேட்டு வாங்குங்கள். வரி விடாமல் படியுங்கள். பயிற்சிக் காலம் எத்தனை மாதம், தகுதிகாண் காலம் எத்தனை மாதம், எத்தனை நாள் முன்னறிவிப்பில் அவர்கள் உங்களை விலக்கலாம், நீங்கள் எத்தனை நாள் முன்னறிவிப்பில் விலகலாம் என்பதையெல்லாம் தெரிந்துகொள்ளுங்கள்.

முப்பதாயிரம் எங்கே போனது?

அடுத்து சம்பளம். 'என் மகனுக்கு மூன்று லட்சத்து அறுபதாயிரம் சம்பளம்' என்று ஒரு தாயார் சொல்கிறார். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் முப்பதாயிரம். ஆனால் கைக்கு வருவது அதுவன்று. அந்த 3,60,000 என்பது, உங்களை வைத்திருக்க நிறுவனத்திற்கு ஆகும் மொத்தச் செலவு. அதைத்தான் சி.டி.சி. என்கிறார்கள். அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனத்தின் பங்கு 1,800, உங்கள் பங்கு 1,800. பணிக்கொடைக்கென்று ஏறத்தாழ 720. 'வேரியபிள் பே' என்று ஓர் 1,500. இது நிறுவனத்தின் இலாபத்தையும் உங்கள் மதிப்பெண்ணையும் பொறுத்து வரலாம், வராமலும் போகலாம். இவ்வளவும் கழிந்தால் மிச்சம் 24,180. தொழில் வரியும் காப்பீடும் போக இருபத்து நான்காயிரம் கைக்கு வந்தால் பெரிது. வைப்பு நிதி உங்கள் பணம்தான், அது வீண் போகாது. ஆனால் அதைக் கொண்டு இந்த மாத மளிகைக் கடனை அடைக்க முடியாது.

இதையும் சொல்லிவிடுகிறேன். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே பெரிய நிறுவனங்கள் புதியவர்களுக்கு ஆண்டுக்கு மூன்று லட்சத்தைத் தாண்டிக் கொடுத்தன. இன்றும் பெரும்பாலோருக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டித்தான் தொடக்கம். இந்தப் பதினைந்து ஆண்டுகளில் அரிசி விலையும் வாடகையும் எங்கே போய்விட்டன என்பதைத் தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அலுவலகம் பழைய மகாபலிபுரம் சாலையில் என்றால், திருவள்ளூரிலிருந்து ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, பூங்கா நகரில் பறக்கும் ரயில் பிடித்துத் தரமணி போய், அங்கிருந்தும் பேருந்து. நாள்தோறும் போய்வந்தால் உடம்பு போகும். விடுதியில் தங்கினால் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகும். பட்டாபிராமில் 2024 நவம்பரில் 21 மாடி டைடல் பார்க் திறக்கப்பட்டிருக்கிறது. நம் ரயில் பாதையிலேயே அமைந்தது நல்ல செய்திதான். ஆனால் கட்டடம் பக்கத்தில் வந்துவிட்டதாலேயே வேலையும் வீடு தேடி வந்துவிடாது.

ப்ராஜெக்டில் என்ன வேலை?

இனி வேலையைப் பற்றி. பட்டறையில் ஐ.டி.ஐ. முடித்த ஒரு பையன் சேர்ந்தால் முதல் நாளே அவனை லேத்தில் நிறுத்துவார்களா? முதலில் சுருள் கூட்டுவான், எண்ணெய் விடுவான், மேஸ்திரி கேட்கும் ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பான், பிறகு கேஜ் வைத்து அளக்கக் கற்பான். அளக்கத் தெரிந்த பிறகுதான் கடையக் கொடுப்பார்கள். மென்பொருள் கம்பெனியும் ஒரு பட்டறைதான். குளிர்சாதனம் இருக்கும், கழுத்தில் அடையாள அட்டை இருக்கும். வேலை படியும் முறை ஒன்றுதான்.

முதல் இரண்டு முதல் ஆறு மாதம் பயிற்சி, வாரந்தோறும் தேர்வு. இதைக் கல்லூரித் தேர்வு போல் நினைத்து கடைசி இரவில் படித்தவர்கள்தான் பெரும்பாலும் வெளியேறுகிறார்கள். பயிற்சி முடிந்ததும் எல்லோருக்கும் ப்ராஜெக்ட் கிடைத்துவிடாது. கிடைக்கும்வரை உட்கார்ந்திருப்பதற்கு 'பெஞ்ச்' என்று பெயர். முன்பெல்லாம் பெஞ்சில் மாதக்கணக்கில் இருப்பார்கள். 2025 ஜூனில் டி.சி.எஸ். நிறுவனம், ஓராண்டில் 35 நாளுக்கு மேல் ஒருவர் பெஞ்சில் இருக்கக் கூடாது என்று விதி செய்தது. ஆகவே பெஞ்ச் என்பது ஓய்வு நேரம் அன்று. ஒவ்வொரு மேலாளரையும் தேடிப் போய், 'என்னை உங்கள் ப்ராஜெக்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று கேட்க வேண்டிய நேரம். நம் பிள்ளைகளில் பலர் கூச்சத்தால் இந்த இடத்தில்தான் பின்தங்குகிறார்கள்.

ப்ராஜெக்ட் கிடைத்தால் புதிதாக ஏதோ படைக்கப் போகிறோம் என்று எண்ணாதீர்கள். அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ உள்ள ஒரு வங்கிக்கோ காப்பீட்டு நிறுவனத்துக்கோ, நீங்கள் பிறப்பதற்கு முன்பே யாரோ எழுதிய மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும். அதில் வரும் பழுதுகளை 'டிக்கெட்' என்று எண் போட்டு அனுப்புவார்கள். அவற்றைப் பார்ப்பது, சோதிப்பது, சோதித்ததை எழுதி வைப்பது, அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் அமர்ந்து அவர் செய்வதைக் கவனிப்பது, இவைதான் முதல் ஓராண்டு வேலை. நீங்கள் படித்தது ஒரு கணினி மொழியாகவும் அங்கே கொடுப்பது வேறொன்றாகவும் இருக்கும். வாடிக்கையாளர் விழித்திருக்கும் நேரத்தில் நீங்களும் விழித்திருக்க வேண்டும். இரவு ஷிப்டும் வரும்.

'இதற்கா இன்ஜினியரிங் படித்தேன்?' என்று மனம் சோர்ந்து ஆறே மாதத்தில் விலகுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்: அடுத்தவர் எழுதியதைப் படித்துப் புரிந்துகொள்ளவும், எங்கே பழுது என்று கண்டுபிடிக்கவும் எனக்குக் கற்றுக் கொடுத்தது அந்தச் சலிப்பான முதல் இரண்டு ஆண்டுகள்தான். இன்று அந்தத் திறமைக்கு மதிப்பு இன்னும் கூடியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு, புதியவர்களிடம் கொடுத்துவந்த எளிய வேலைகளில் ஒரு பகுதியை இயந்திரமே எழுதித் தள்ளுகிறது. அது எழுதியது சரியா தவறா என்று அளந்து பார்க்கத் தெரிந்தவனுக்கு வேலை இருக்கும். கேஜ் வைத்து அளக்கத் தெரியாதவனுக்கு எந்தப் பட்டறையிலும் இடமில்லை.

பொய்யில் தொடங்காதீர்கள்

அடுத்ததைச் சற்று அழுத்தமாகவே சொல்கிறேன். வேலை தாமதமாகும் போது சில தரகர்கள் வருவார்கள். 'இரண்டு லட்சம் கொடு, உள்ளே தள்ளிவிடுகிறேன்' என்பார்கள். 'மூன்று வருட அனுபவம் என்று சான்றிதழ் செய்து தருகிறேன்' என்பார்கள். 'உனக்குப் பதிலாக நேர்முகத் தேர்வில் வேறொருவர் பேசுவார்' என்பார்கள். முறையான எந்த நிறுவனமும் வேலைக்குப் பணம் வாங்குவதில்லை. பொய்ச் சான்றிதழ், பின்னணி விசாரணையில் ஆறு மாதம் கழித்தாவது வெளிப்படும். அன்று வேலையும் போகும், அந்தத் துறையில் பெயரும் போகும். இவ்வளவும் உலகக் கணக்கு. மறுமைக் கணக்கு ஒன்று இருக்கிறது. பொய்யைக் கொண்டு பெற்ற வேலையின் ஊதியத்தை எந்த மனத்தோடு வீட்டுக்குக் கொண்டுவந்து பெற்றோருக்குச் சோறு போடுவீர்கள்? வேலை என்பது அமானிதம். ஜும்ஆவுக்குப் போக வேண்டும் என்றால், சேர்ந்த முதல் வாரமே குழுத் தலைவரிடம் நேரடியாகச் சொல்லிவிடுங்கள். போன நேரத்தை மாலையில் ஈடுகட்டுங்கள். சொல்லாமல் நழுவிப் போகிறவனைவிட, சொல்லிவிட்டுப் போகிறவனைத்தான் எல்லா மதத்துச் சகோதரர்களும் மதிக்கிறார்கள். இது நான் கண்டது.

'பாண்டு' விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. 'இரண்டு வருடத்திற்குள் விலகினால் இவ்வளவு பணம் கட்ட வேண்டும்' என்று எழுதி வாங்குவார்கள். அது எந்தக் காலத்திலும் செல்லாது என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள், நம்பாதீர்கள். விஜயா வங்கியில் மூன்று ஆண்டு முடியுமுன் விலகிய ஓர் அதிகாரி இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அதற்காகக் கேட்கும் தொகையெல்லாம் செல்லும் என்றும் ஆகிவிடாது. இழப்புக்கு ஈடாக நியாயமான தொகைதான் கேட்க முடியும் என்பது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் அடிப்படை. எனவே கையெழுத்துப் போடுமுன் விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அசல் சான்றிதழ்களை மட்டும் எவரிடமும் ஒப்படைக்காதீர்கள்; சரிபார்க்கக் காட்டுங்கள், கையோடு திரும்பப் பெறுங்கள்.

இன்னொன்று. முதல் சம்பளம் வங்கியில் ஏறிய மறுவாரமே கடன் அட்டை வேண்டுமா, தனிநபர் கடன் வேண்டுமா என்று தொலைபேசி வரும். புதுப் பைக், புது போன், எல்லாம் மாதத் தவணை. இருபத்து நான்காயிரம் சம்பளத்தில் பன்னிரண்டாயிரம் தவணை கட்டுகிற பிள்ளை, அந்த வேலையில் எவ்வளவு அவமானம் வந்தாலும் விலக முடியாமல் மாட்டிக்கொள்கிறான். வட்டியை மார்க்கம் ஏன் தடுத்தது என்பதை, அந்த நிலையில் நிற்கும் ஒருவனைப் பார்த்தால் விளக்கம் தேவைப்படாது.

நம் பெண் பிள்ளைகள்

தங்கைமார்களைப் பற்றி ஒரு வார்த்தை. கல்லூரியில் நம் பெண் பிள்ளைகள் ஆண் பிள்ளைகளைவிட நன்றாகப் படிக்கிறார்கள் என்பதை இந்த மண்டபத்தில் யாரும் மறுக்க மாட்டீர்கள். ஆனால் வேலை என்று வந்தால், 'இரவு ஷிப்டாம், வேண்டாம்' என்று பேச்சு முடிந்துவிடுகிறது. பெற்றோரே, மறுப்பதற்கு முன் விசாரியுங்கள். எல்லா ப்ராஜெக்டிலும் இரவு வேலை இல்லை. இரவு வேலை என்றால் வீட்டு வாசல் வரை வாகனம் உண்டா, எழுத்தில் தருவார்களா என்று கேளுங்கள். பத்து பேரும் அதற்கு மேலும் பணியாற்றும் எந்த இடத்திலும் பெண்களின் புகார்களை விசாரிக்க உள்குழு இருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. அந்தக் குழு இருக்கிறதா என்று கேட்கும் உரிமை உங்கள் மகளுக்கு உண்டு. விசாரித்துவிட்டு வேண்டாம் என்றால் அது முடிவு. விசாரிக்காமலேயே வேண்டாம் என்றால், அந்தப் பிள்ளை நான்கு ஆண்டு கண்விழித்துப் படித்ததற்கு நாம் என்ன பதில் சொல்வோம்?

ஜமாஅத் செய்ய வேண்டியது

இறுதியாகச் சமுதாயத்திற்கு மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு மஹல்லாவிலும் ஒரு பதிவேடு வையுங்கள். நம் பகுதியிலிருந்து மென்பொருள் துறைக்குப் போனவர்கள் யார், படித்துவிட்டுக் காத்திருப்பவர்கள் யார் என்பது அதில் இருக்கட்டும். மாதம் ஒரு ஞாயிறு, பழையவர்கள் புதியவர்களோடு இரண்டு மணி நேரம் அமரட்டும். கடிதத்தைப் படித்துச் சொல்லவும், நேர்முகத் தேர்வுக்குப் பழக்கவும் அதுவே போதும். நான் வருகிறேன் என்று இந்த மேடையிலேயே வாக்களிக்கிறேன்.

இரண்டாவது, சேரும் தேதிக்காகக் காத்திருக்கும் பிள்ளைக்கு நம் பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கடன் கொடுங்கள். மாதம் ஐயாயிரம், ஆறு மாதத்திற்கு. வேலையில் சேர்ந்த பின் பத்துத் தவணையில் திருப்பித் தரட்டும். அந்தத் தாயின் நகை அடகுக் கடைக்குப் போயிருக்காது.

மூன்றாவது, அரசியல் கோரிக்கை. தேர்வு செய்தோம் என்று கடிதம் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காக்க வைப்பதைக் கட்டுப்படுத்த ஒரு விதி வேண்டும். கடிதத்தில் சேரும் தேதி இருக்க வேண்டும். தவறினால் இழப்பீடு வேண்டும். மென்பொருள் ஊழியர்களும் தொழிற்சங்கம் அமைக்கலாம் என்று 2016-இல் தமிழக அரசே தெளிவுபடுத்தியது. காத்திருப்பவர்களுக்காகவும் குரல் கொடுக்க வேண்டியது அரசியல் இயக்கங்களின் கடமை. இது நம் பிள்ளைகளுக்கு மட்டுமான கோரிக்கையன்று. பக்கத்துத் தெருவில் காத்திருக்கும் சகோதரச் சமுதாயப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் நாம் கேட்கிறோம். அரசியல் நிர்ணய சபையில் தமிழுக்காக எழுந்து நின்று பேசிய கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் அவர்கள் நமக்குக் காட்டிய பாதை அதுதான்.

பதினான்கு மாதம் காத்திருந்த அந்தப் பிள்ளை இப்போது வேலையில் இருக்கிறான். சோதனைப் பிரிவில் டிக்கெட் பார்க்கிறான். தாயாரின் நகையில் பாதி மீண்டிருக்கிறது. சென்ற மாதம் ஜும்ஆவில் பார்த்தேன், முன்வரிசையில் இருந்தான். அடுத்த பிள்ளை பின்வரிசைக்கும், அதன் பிறகு வீட்டுக்குள்ளும் ஒதுங்கிப் போகாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது. இன்று தொழுது வெளியே வரும்போது ஒரு பட்டதாரித் தம்பியைக் கண்டால், 'இன்னும் வேலைக்குப் போகலையா?' என்று கேட்காதீர்கள். 'என்ன உதவி வேண்டும் தம்பி?' என்று கேளுங்கள்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஹலாலான வாழ்வாதாரத்தையும், அதைத் தாங்கும் பொறுமையையும் தந்தருள்வானாக! ஆமீன்.